எழுத்துப் பெட்டியும் பணிச்சூழலும்

இலக்கியம் பேசுகிற இடத்தில் லினக்ஸ் கணினியின் பணிச்சூழலை மாற்றுவது பற்றி எழுத வந்தமைக்கு முதலில் காரணம் சொல்லிவிடுகிறோம். எங்கள் சிற்றிதழுக்கு மெய்ப்புப் பார்ப்பவரும் பக்கம் கட்டுபவரும் ஒருவரே. எழுபதைக் கடந்தவர். ஈய எழுத்துக் காலத்தில் அச்சுக்கோப்பவராகத் தொழிலைத் தொடங்கி, டிரெடில் இயந்திரங்கள் பழைய இரும்புக்குப் போனபின் கணினிக்கு வந்தவர். தமிழ்99 விசைப்பலகையில் அவருடைய விரல்கள் போகும் வேகத்துக்கு எங்களில் இளையவர் எவரும் ஈடுகொடுக்க முடியாது.

சென்ற ஆண்டு, இதழ் அச்சுக்குப் போக இரண்டு வாரம் இருக்கையில், நண்பர்களில் ஒருவர் நல்லெண்ணத்தோடு அலுவலகக் கணினியின் லினக்ஸைப் புதிய பதிப்புக்கு மாற்றிவிட்டுப் போனார். பழைய பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோயிருந்தன. ஆகவே மாற்றியது சரிதான். ஆனால் புதிய பதிப்போடு வந்த பணிச்சூழல் முற்றிலும் வேறாக இருந்தது. திரையின் அடியில் திறந்த சாளரங்களை வரிசையாகக் காட்டும் பட்டை இல்லை. இடது மூலையில் இருந்த பட்டியல் இல்லை. சாளரத்தைச் சுருக்கி வைக்கும் பொத்தானும் இல்லை. பெரியவர் காலையில் வந்து உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் கழித்துக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தார். "ரெண்டு நாள்ல பழகிடும்யா" என்றார் நண்பர். "பழகிடும் தம்பி. எதுக்குப் பழகணும்னு சொல்லு, பழகிக்கிறேன்" என்றார் பெரியவர்.

அந்தக் கேள்விக்கு எங்களில் எவரிடமும் உடனடியாகப் பதில் இல்லை. இந்தக் கட்டுரை அந்தப் பதிலைத் தேடியதன் விளைவு.

அச்சுக்கூடம் அறிந்தவர்களுக்கு 'கேஸ்' என்னும் எழுத்துப் பெட்டி நினைவிருக்கும். சரிந்த மேசைமேல், அறை அறையாகப் பிரிக்கப்பட்ட மரப்பெட்டி. ஒவ்வொரு அறையிலும் ஒவ்வோர் எழுத்து. இடக்கையில் ஸ்டிக், வலக்கை பெட்டிமேல். கண் கையெழுத்துப் பிரதியில் இருக்கும். கை தானாகப் போய் எழுத்தை எடுத்துவரும். எந்த அறையில் எந்த எழுத்து என்று கேட்டால் அச்சுக்கோப்பவர் சற்று யோசித்துத்தான் சொல்வார். அந்த அறிவு கையில் இருக்கிறது, சொல்லில் இல்லை. எவரேனும் இரவோடு இரவாக அறைகளை மாற்றி அடுக்கிவிட்டால் எழுத்து ஒன்றும் தொலைந்து போகாது. ஆனால் முப்பது ஆண்டுக் கை தொலைந்துவிடும்.

கணினியின் பணிச்சூழல் என்பது இந்தப் பெட்டிதான், எழுத்து அன்று. இந்த வேறுபாட்டை விளங்கிக்கொண்டால் மற்றவை எளிது. லினக்ஸ் என்று நாம் பொதுவாகச் சொல்வது அடுக்குகளால் ஆனது. அடியில் கர்னல், வன்பொருளோடு பேசுவது அதன் வேலை. அதன்மேல் திரையில் படம் வரைவதற்கான ஓர் அடுக்கு. அதற்கும் மேலே சாளரங்களுக்கு விளிம்பும் பொத்தானும் இட்டு நகர்த்தும் சாளர மேலாளர், பட்டைகள், பட்டியல், கோப்புகளைக் காட்டும் செயலி, அமைப்புகளை மாற்றும் செயலி ஆகியவை சேர்ந்த ஒரு தொகுப்பு. இந்த மேல்தொகுப்பைத்தான் பணிச்சூழல் என்கிறோம். எல்லோரும் டெஸ்க்டாப் என்று சொல்வது. நாம் எழுதிய கோப்புகள் இந்த அடுக்கில் இல்லை. லிப்ரே ஆபீஸும் ஃபயர்ஃபாக்ஸும்கூட இதன் பகுதிகள் அல்ல. ஆகவே இதைக் கழற்றி வேறொன்றை மாட்டினால், எழுதியவையும் எழுதும் கருவிகளும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இப்படிக் கழற்றி மாட்ட முடிவது தற்செயலாக அமைந்ததன்று. 1984இல் அமெரிக்காவின் எம்ஐடி கல்வி நிறுவனத்தில் எக்ஸ் சாளர அமைப்பு உருவாக்கப்பட்டபோது, அதன் ஆசிரியர்கள் ஒரு கொள்கையை வகுத்துக்கொண்டார்கள். சாளரம் வரைவதற்கான வழியை மட்டும் தருவோம். சாளரம் எப்படித் தோன்றவேண்டும், எப்படி நடந்துகொள்ளவேண்டும் என்பதை மேலே இருப்பவர் முடிவு செய்துகொள்ளட்டும் என்பதே அது. இந்த அடக்கத்தால் ஒரு நன்மையும் ஒரு தீமையும் விளைந்தன. எவரும் தமக்கு வேண்டிய முகத்தைச் செய்துகொள்ள முடிந்தது நன்மை. ஒரே திரையில் ஒவ்வொரு செயலியும் ஒவ்வொரு விதமாகத் தோன்றி, பயனரைத் திணறடித்தது தீமை.

அந்தத் தீமையைக் கண்டு சலித்தவர்களில் ஒருவர் ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழக மாணவர் மத்தியாஸ் எட்ரிச். செயலிகள் ஒன்றுபோல் தோன்றவும் இயங்கவும் வேண்டும், நிரலர் அல்லாதவரும் பயன்படுத்தும்படி ஒரு முழுமையான சூழல் வேண்டும் என்று 1996 அக்டோபர் 14 அன்று அவர் விடுத்த அழைப்பிலிருந்துதான் கேடிஈ பிறந்தது. அது க்யூட்டி என்னும் நிரல்தொகுப்பின்மேல் கட்டப்பட்டது. அன்றைக்கு க்யூட்டியின் உரிமம் முழுச் சுதந்திரம் தருவதாக இல்லை. அதை ஏற்க மனமில்லாத மிகேல் டி இகாசாவும் ஃபெடரிகோ மேனாவும் 1997 ஆகஸ்டில் க்னோம் திட்டத்தைத் தொடங்கினார்கள். இதற்கிடையே 1996இலேயே ஒலிவியே ஃபூர்தான் எளிய பட்டை ஒன்றாகத் தொடங்கியது இன்று எக்ஸ்எஃப்சிஈ என்று வழங்கும் சூழல். க்யூட்டியின் உரிமச் சிக்கல் 2000இல், அது ஜிபிஎல் உரிமத்தின்கீழும் வெளியானபோது தீர்ந்தது. சண்டைக்கான காரணம் போய்விட்டது. இரண்டு வீடுகளும் நின்றுவிட்டன. எங்கள் பார்வையில், அவை நின்றுவிட்டது நல்லதாயிற்று. ஏனென்று அடுத்து வந்த பத்தாண்டு காட்டியது.

2008 ஜனவரியில் கேடிஈ 4 வந்தது. அடியோடு மாற்றி எழுதப்பட்டது. முதல் வெளியீடு அன்றாட வேலைக்கு இன்னும் பக்குவப்பட்டிருக்கவில்லை. 2011 ஏப்ரலில் க்னோம் 3 வந்தது. பழைய பட்டைகளும் பட்டியலும் போயின. சாளரத்தைச் சுருக்கும் பொத்தான் இயல்பிருப்பாகக் கிடையாது. அதே மாதம் உபுண்டு தன் யூனிட்டி என்னும் சூழலை மேசைக்கணினிகளுக்கு இயல்பிருப்பாக்கியது. லினக்ஸ் கர்னலை உருவாக்கிய லீனஸ் டோர்வால்ட்ஸின் அனுபவமே இந்தக் காலத்தின் கதையைச் சொல்லிவிடும். கேடிஈயைப் பயன்படுத்தி வந்தவர், 4ஆம் பதிப்பு பிடிக்காமல் க்னோமுக்கு மாறினார். 2011இல் க்னோம் 3 பிடிக்காமல் அதைக் கடுமையாகச் சாடிவிட்டு எக்ஸ்எஃப்சிஈக்கு வந்தார். பின்னர் 2013 வாக்கில், நீட்சிகள் சிலவற்றைச் சேர்த்துக்கொண்டு க்னோமுக்கே திரும்பினார். கர்னலை எழுதியவருக்கே மேல்தளத்தில் தம் கை பழகிய இடத்தைத் தேடி அலையவேண்டியிருந்தது. ஆனால் அலைவதற்கு அவருக்கு இடங்கள் இருந்தன. போன சூழலிலிருந்து திரும்பி வரவும் வழி இருந்தது.

அதே 2011இல் அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஒரு பயனர், கைவிடப்பட்ட க்னோம் 2இன் நிரலை எடுத்து மாட்டே என்று பெயரிட்டுத் தொடர்ந்தார். மாட்டே என்பது அந்நாட்டவர் அருந்தும் ஒருவகை இலைப் பானம். கேடிஈ 3இன் நிரலை வேறு சிலர் டிரினிட்டி என்ற பெயரில் காத்துவருகிறார்கள். லினக்ஸ் மின்ட் குழுவினர் க்னோம் 3இன் அடித்தளத்தை வைத்துக்கொண்டே பழைய அமைப்பில் சின்னமன் என்ற சூழலைச் செய்தார்கள். கிளையாகப் பிரித்து எடுப்பதற்கு அவர்கள் எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. உரிமமே அதைத் தந்திருந்தது. அச்சுக்கூட முதலாளி பெட்டியை மாற்றிவிட்டால், பழைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வேறொரு திண்ணையில் வைத்து வேலையைத் தொடரலாம் என்ற உரிமை இது.

இனி, எங்கள் அலுவலகத்தில் நடந்ததைச் சொல்கிறோம். செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு எங்கள் தவறுகளாவது உதவும்.

கணினியின் நினைவகம் 4 ஜிபி. வாங்கிப் பத்தாண்டுக்கு மேலாகிறது. கேடிஈயின் பிளாஸ்மா, க்னோம் ஆகியவற்றைவிட எக்ஸ்எஃப்சிஈயும் எல்எக்ஸ்க்யூட்டியும் குறைந்த நினைவகத்தில் இயங்குபவை. அடியில் பட்டை, மூலையில் பட்டியல் என்று பெரியவர் பழகிய அமைப்பில் அடுக்கிக்கொள்ளவும் எக்ஸ்எஃப்சிஈ இடம் தருகிறது. ஆகவே அதைத் தேர்ந்தோம். டெபியனையும் அதன் வழிவந்தவற்றையும் பொறுத்தவரை நிறுவுவது பெரிய காரியமன்று. முனையத்தைத் திறந்து, ஆப்ட் என்னும் பொதிமேலாளரிடம் எக்ஸ்எஃப்சிஈ4 என்ற பொதியைக் கேட்டால், களஞ்சியத்திலிருந்து தேவையானவை எல்லாம் இறங்கித் தாமே அமர்ந்துகொள்கின்றன. ஒரு தேநீர் குடிக்கும் நேரம்.

இடையில் ஒரு கேள்வி எழலாம். கடவுச்சொல் கேட்கும் நுழைவுத் திரையைக் காட்டுவதற்கு ஒரு தனி மென்பொருள் உண்டு. க்னோமோடு வருவது ஒன்று, எக்ஸ்எஃப்சிஈயோடு பெரும்பாலும் வருவது வேறொன்று. இரண்டும் இருந்தால் எது முன்னிற்க வேண்டும் என்று நிறுவல் நடுவே கேட்கும். இருப்பதையே வைத்துக்கொள்வது நல்லது. அடுத்து, வெளியேறி மீண்டும் நுழையும்போது, கடவுச்சொல்லை இடுமுன், நுழைவுத் திரையின் ஓரத்தில் உள்ள சிறு பற்சக்கரச் சின்னத்தை அழுத்தி எந்தச் சூழலில் நுழைவது என்று தேர்வு செய்யவேண்டும். இந்தச் சின்னத்தைக் கவனிக்காமல், நிறுவியும் ஒன்றும் மாறவில்லையே என்று முதல் அரைமணி நேரத்தை நாங்கள் வீணாக்கினோம். பழைய சூழல் அழிக்கப்படுவதில்லை என்பதே இதில் முக்கியம். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்; பிடிக்காவிட்டால் மறுநாள் பழையதில் நுழையலாம்.

இரண்டாவது தவறு இன்னும் சங்கடமானது. புதிய சூழலில் பெரியவர் உட்கார்ந்து தட்டினார். ஆங்கில எழுத்துகளே வந்தன. தமிழ்99 வரவில்லை. முந்தைய சூழல் ஐபஸ் என்னும் உள்ளீட்டு மென்பொருளைத் தானே தொடக்கிவைத்திருந்தது. இங்கே அதை நாம் சொல்லி வைக்கவேண்டும் என்பதை மறந்துவிட்டோம். ஐஎம்-கான்ஃபிக் என்ற சிறு கருவியில் ஐபஸைத் தேர்ந்து, மீண்டும் நுழைந்து, விசைப்பலகைப் பட்டியலில் தமிழ்99ஐச் சேர்த்ததும் சரியாயிற்று. தமிழில் எழுதுகிற எவரும் பணிச்சூழலை மாற்றும்போது முதலில் சோதிக்கவேண்டியது இதைத்தான். பின்னணிப் படமும் சின்னங்களும் பிறகு.

மூன்றாவது, அமைப்புக் கோப்புகள். ஒவ்வொரு சூழலும் தன் விருப்பங்களைப் பயனரின் இல்ல அடைவுக்குள், மறைந்த கோப்புகளாக எழுதிவைக்கிறது. இரண்டு சூழல்களை ஒரே பயனர் மாறி மாறிப் பயன்படுத்தினால், எழுத்துரு அளவு, சின்னங்கள், எந்தக் கோப்பை எந்தச் செயலி திறக்கவேண்டும் என்பன போன்ற சில அமைப்புகள் கலந்துபோகக்கூடும். பட்டியலில் கோப்பு மேலாளர் இரண்டு, உரைத்தொகுப்பான் இரண்டு என்று எல்லாம் இரட்டிப்பாகத் தெரியும். சோதித்துப் பார்ப்பதற்கென்று புதிய பயனர் கணக்கு ஒன்றைத் திறந்து, அதில் பழகிப் பார்த்துவிட்டுப் பிறகு தம் கணக்கில் மாற்றிக்கொள்வது நல்ல முறை. வேண்டாத சூழலை நீக்குவதிலும் நிதானம் வேண்டும். அதனோடு பொதுவாகப் பயன்படும் பொதிகளும் சேர்ந்து போய்விடக்கூடும். நீக்கப்போகும் பட்டியலை ஒருமுறை வாசித்துவிட்டே சம்மதம் சொல்லவேண்டும். வட்டில் இடம் இருந்தால் விட்டுவைப்பதில் நட்டமில்லை.

அன்று மாலைக்குள் பெரியவருடைய பெட்டி பழைய வரிசைக்கு வந்துவிட்டது. பட்டையை எத்தனை உயரம் வைக்கவேண்டும் என்பது வரை அவரே சொன்னார். இதழ் நாளில் வந்தது.

இந்த இடத்தில் எங்களுக்குள்ளேயே எழுந்த மாற்றுக் கருத்தையும் பதிவு செய்யவேண்டும். அது எளிதில் தள்ளத்தக்கதன்று. மென்பொருள் துறையில் இருக்கும் அதே நண்பர் கேட்டார்: இத்தனை பணிச்சூழல்கள் எதற்கு? இருக்கிற உழைப்பு எல்லாம் ஒன்றில் குவிந்திருந்தால் அது எவ்வளவு சிறந்திருக்கும்? குறிப்பாகத் தமிழுக்கு. க்னோமுக்கு ஒரு மொழிபெயர்ப்பு, கேடிஈக்கு ஒரு மொழிபெயர்ப்பு, எக்ஸ்எஃப்சிஈக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கான சொற்றொடர்கள். அவற்றை ஊதியமின்றித் தமிழாக்குபவர்களோ விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். விளைவு என்ன? ஒரு சூழலில் பட்டியல் தமிழிலும் உள்ளே ஆங்கிலத்திலுமாக நிற்கிறது. ஒன்றில் கோப்புறை என்பது வேறொன்றில் அடைவு ஆகிறது. சிறிய மொழிக்காரர்களுக்கு இந்தப் பன்மை ஓர் ஆடம்பரம் இல்லையா?

நாங்கள் இதைச் சோதித்துப் பார்த்தோம். பெரியவருடைய கணக்கில் இடைமுகத்தைத் தமிழுக்கு மாற்றிக் கொடுத்தோம். மகிழ்ச்சியோடு பார்த்தார். பத்து நிமிடத்தில் "கோப்பைத் திறன்னா ஏதோ கோக்கச் சொல்றான்னு நெனச்சேன்" என்று சிரித்தார். அச்சுக்கோப்பவருக்குக் கோப்பது என்பது எழுத்தைக் கோப்பது. அவர் ஃபைல் என்ற சொல்லோடு இருபத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்துவிட்டவர். மறுநாள் ஆங்கிலத்துக்கே மாற்றித் தரச் சொன்னார். மாற்றித் தந்தோம். தமிழ் இடைமுகத்தின்மேல் பற்றுள்ள எங்களுக்கு அது வருத்தம்தான். ஆனால் பெட்டி அவருடையது.

நண்பருடைய கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் சிதறல் எங்கே தீங்கு, எங்கே நலம் என்று பிரித்துப் பார்க்கவேண்டும் என்பது எங்கள் கருத்து. 'கொ' என்ற எழுத்தை எடுத்துக்கொள்வோம். யூனிகோடில் அது ககரமும் ஒகரக் குறியுமாக அடுத்தடுத்துப் பதிவாகிறது. திரையிலோ ககரத்துக்கு முன்னே கொம்பும் பின்னே காலும் வரவேண்டும். அதை ஒழுங்காக அமைத்து வரையும் வேலையை ஈராயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் க்னோம் தரப்பு பாங்கோ என்ற நிரலிலும், கேடிஈ தரப்பு க்யூட்டியிலும் தனித்தனியே கவனித்து வந்தன. ஒன்றில் சரியாகத் தெரியும் தமிழ் மற்றொன்றில் உடைந்து தெரிந்தால் இரண்டிடத்திலும் திருத்த வேண்டும். இது வீண் சிதறல். இன்று ஹார்ஃப்பஸ் என்ற ஒரே நிரலகம் பாங்கோவுக்கும் க்யூட்டிக்கும், ஃபயர்ஃபாக்ஸுக்கும் லிப்ரே ஆபீஸுக்கும் அந்த வேலையைச் செய்கிறது. ஒரு பிழையை ஓரிடத்தில் திருத்தினால் அந்தத் திருத்தம் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்கிறது. அவ்வாறே, 2000இல் தொடங்கிய ஃப்ரீடெஸ்க்டாப் என்னும் கூட்டு முயற்சி வகுத்த பொது விதிகளால்தான், ஒரு செயலியை நிறுவினால் அது எந்தச் சூழலின் பட்டியலிலும் தானாக வந்து சேர்கிறது. வேர்கள் ஒன்றாகிவிட்டன, கிளைகள் பலவாக நிற்கின்றன. வேண்டியது இந்த அமைப்புத்தான்.

மொழிபெயர்ப்புக்கும் இதே நியாயம் பொருந்தும். பணிச்சூழல்கள் பலவாக இருக்கட்டும்; கலைச்சொற்கள் ஒன்றாக இருக்கட்டும். எந்தச் சூழலுக்குள் நுழைந்தாலும் அதே பொருளுக்கு அதே தமிழ்ச்சொல் கிடைத்தால், மொழிபெயர்ப்பாளரின் உழைப்பும் பெருமளவு மிச்சமாகும், பயனரின் குழப்பமும் தீரும். இந்தப் பணியை நிரலர்களிடம் மட்டும் விட்டுவிட்டு, பிறகு 'இது என்ன தமிழ்' என்று நாம் நகைப்பது நியாயமன்று. பட்டியலில் வரும் ஒரு வினைச்சொல் ஏவலா, தொழிற்பெயரா என்று தீர்ப்பதற்குக் கணினி அறிவு தேவையில்லை; மொழியறிவு போதும். அது இலக்கிய வாசகர்களிடம் இருக்கிறது. கட்டற்ற மென்பொருளின் மொழிபெயர்ப்புக் கோப்புகள் எவரும் திறந்து வாசிக்கவும் திருத்தம் சொல்லவும் கூடியவை. ஒரு சிறுகதைக்கு மெய்ப்புப் பார்ப்பதுபோல் ஒரு பணிச்சூழலின் பட்டியலுக்கும் மெய்ப்புப் பார்க்கலாம்.

பழையதைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பாராட்டுவதாக எங்கள் வாதத்தை எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அடித்தளம் நகர்ந்துகொண்டேதான் இருக்கிறது. எக்ஸ் அமைப்பின் இடத்தில் வேலண்ட் என்ற புதிய அமைப்பு வந்துகொண்டிருக்கிறது. 2024 பிப்ரவரியில் வெளியான பிளாஸ்மா 6 அதையே இயல்பிருப்பாகக் கொண்டது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த எக்ஸ்எஃப்சிஈ 4.20 சோதனை நிலையில் அதற்கு இடம் கொடுத்தது. ஒரு செயலி மற்றொன்றின் விசையழுத்தங்களை ஒட்டுக்கேட்க எக்ஸ் அனுமதிக்கிறது, வேலண்ட் தடுக்கிறது. இதுபோன்ற மாற்றங்களுக்குத் தக்க காரணங்கள் உண்டு. அவற்றை ஏற்கத்தான் வேண்டும். பெரியவர் எதிர்த்தது மாற்றத்தை அன்று. ஈயத்திலிருந்து கணினிக்கு வந்தவருக்கு மாற்றத்தைப் பற்றி நாம் பாடம் சொல்லத் தேவையில்லை. காரணம் சொல்லப்படாத மாற்றத்தைத்தான் அவர் கேள்வி கேட்டார்.

எளிய பணிச்சூழலை இட்டுவிட்டால் பழைய கணினி புதிதாகிவிடும் என்றும் நாங்கள் சொல்லவில்லை. இன்றைய வலைப்பக்கங்கள் உலாவியில் விழுங்கும் நினைவகத்தைப் பணிச்சூழல் எதுவும் மீட்டுத்தர இயலாது. பத்துப் பக்கங்களைத் திறந்துவைத்தால் எக்ஸ்எஃப்சிஈயும் மூச்சு வாங்கும். ஆனால் எழுதவும், மெய்ப்புப் பார்க்கவும், பக்கம் கட்டவும் அது போதும்.

போதும் என்ற இந்தச் சொல்லுக்குத் தமிழ்நாட்டில் ஒரு தனிப்பொருள் இருக்கிறது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்கள் பெற்ற கணினிகளில், விண்டோஸோடு கூடவே சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸும் இருந்தது. அந்தக் கணினிகளில் பல இன்று வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. வேகமில்லை என்று ஒதுக்கப்பட்டவை அவை. அவற்றில் திரையும் விசைப்பலகையும் பழுதில்லாமல் இருப்பவை எத்தனையோ. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. அடுத்த பதிப்பை ஏற்க இயலாத கணினிகளும் இனி அந்தப் பரணுக்கு வரும். அதே அக்டோபர் 14இல், இருபத்தொன்பது ஆண்டுகளுக்கு முன், எட்ரிச் தம் அழைப்பை விடுத்தார் என்பது தற்செயல்தான். எனினும் பரணிலிருந்து ஒரு கணினியை இறக்கித் துடைத்து, லினக்ஸை இட்டு, அதற்கேற்ற எளிய பணிச்சூழலைத் தேர்ந்து, தமிழ் விசைப்பலகையைச் சேர்த்து ஊர் நூலகத்துக்கோ ஒரு பள்ளிப் பிள்ளைக்கோ கொடுப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. அதற்கு மேல் இல்லை.

அப்படிக் கொடுக்கும்போது ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். பெறுபவரை அருகில் உட்காரவைத்து, பட்டை மேலே வேண்டுமா கீழே வேண்டுமா, எழுத்து எவ்வளவு பெரிதாக வேண்டும், பட்டியல் எந்த மொழியில் வேண்டும் என்று கேட்டு அமைத்துக்கொடுங்கள். எங்கள் நண்பர் செய்யத் தவறியது அது ஒன்றுதான். இப்போதெல்லாம் எதை மாற்றுவதற்கு முன்னும் அவர் பெரியவரிடம் வந்து காரணம் சொல்கிறார். பெரியவர் சிலவற்றுக்குச் சரி என்கிறார். சிலவற்றுக்கு, இதழ் முடியட்டும் தம்பி என்கிறார்.